‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’: புதிய பொறியியல் பட்டதாரிகளின் முதல் அறிமுகம்

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் நம் கிளைகளின் கடன் பிரிவில் ஒரே வகையான காட்சியைக் காண்கிறோம். பொறியியல் இறுதித் தேர்வு எழுதி முடித்த மகனோ மகளோ ஒரு நாற்காலியில் அமர்ந்திருப்பார். கல்விக் கடனில் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட்ட தந்தையோ தாயோ அடுத்த நாற்காலியில் இருப்பார். ‘தவணை எப்போது தொடங்கும்?’ என்று அவர்கள் நம்மிடம் கேட்கின்றனர். ‘வேலை எப்போது கிடைக்கும்?’ என்பதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றனர்.

முதல் கேள்விக்கு விடை எளிது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டிலும் தவணை செலுத்த வேண்டியதில்லை. அதன்பின் 15 ஆண்டுகள் வரையில் திருப்பிச் செலுத்தலாம். ஆயினும் தவணை இல்லாத அந்த ஓராண்டிலும் வட்டி வளர்ந்துகொண்டுதான் இருக்கும். அசல் 5 லட்சம் ரூபாய், வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், தனிவட்டிக் கணக்கிலேயே ஓராண்டுக்கு 50,000 ரூபாய், மாதத்துக்கு 4,100 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பட்டம் பெற்ற பின் கழியும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இரண்டாம் கேள்விக்கு முழு விடை தர வங்கியால் இயலாது. ஆயினும் அதன் ஒரு பகுதியைப் பற்றி நாம் பேசலாம். முன்பின் அறியாத ஒருவர் எழுதித் தந்த விண்ணப்பத்தைப் படித்து, அவரை நம்பலாமா என்று முடிவு செய்வது நம் அன்றாடப் பணி. புதிய பட்டதாரியின் கடிதத்தைப் பிரிக்கும் நிறுவன அலுவலரும் ஏறக்குறைய அதே பணியைத்தான் செய்கிறார். எத்தகைய எழுத்து நம்பிக்கை தருகிறது, எது தருவதில்லை என்பதை நம் மேசையின் இப்பக்கத்தில் இருந்து சொல்ல முற்படுகிறோம்.

மேசையில் சொன்னது, கடிதத்தில் இல்லாதது

பெங்களூரில் உள்ள நம் கிளை ஒன்றுக்கு, பீன்யா தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தில் பணிபுரியும் தந்தையொருவர் தம் மகனுடன் வந்தார். மகன் கட்டுமானப் பொறியியல் பட்டதாரி. எட்டு மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியும் ஓரிடத்திலிருந்தும் விடை இல்லை. தவணை தொடங்க இன்னும் நான்கு மாதங்களே இருந்தன. “சார், இவன் நல்லாப் படிச்சவன்தான். எங்கே தப்பு நடக்குதுன்னு தெரியலே” என்றார் தந்தை.

அந்த மின்னஞ்சலைக் காட்டும்படி நம் அலுவலர் கேட்டார். தாம் கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர், குழுவாக இயங்குவதில் வல்லவர், புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியை நாடுபவர் என்று அதில் எழுதியிருந்தது. தவறான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அனுப்பியவரின் பெயரை நீக்கிவிட்டு வேறு எவருடைய பெயரை இட்டாலும் அக்கடிதம் அப்படியே பொருந்தும்.

“தம்பி, கடைசி ஆண்டில் நீங்கள் செய்த திட்டப்பணி என்ன?” என்று அலுவலர் கேட்டார். இளைஞர் பேசத் தொடங்கினார். அனல்மின் நிலையங்களில் கழிவாகும் ‘ஃபிளை ஆஷ்’ என்னும் சாம்பலைச் சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சேர்த்து, எம்25 தரக் கான்கிரீட் செய்து சோதித்திருக்கிறார்கள். சிமெண்டு மட்டும் கொண்ட கலவை ஒன்று, 10, 20, 30 விழுக்காடு சாம்பல் சேர்ந்த கலவைகள் மூன்று. ஒவ்வொரு கலவையிலும் ஒன்பது கனசதுரங்கள்; மொத்தம் 36. அவற்றை 7, 28, 56 ஆம் நாள்களில் எந்திரத்தில் அழுத்தி உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். சாம்பல் சேர்ந்த கான்கிரீட் முதல் வாரத்தில் வலிமை குறைந்து நிற்பதும், நாள் செல்லச் செல்ல அக்குறையை ஈடு செய்வதும் ஏன் என்று பத்து நிமிடம் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த தந்தைக்கே அது புதிய செய்தி.

பிறகு சற்றுத் தயங்கி மற்றொன்றும் சொன்னார். முதல்முறை வார்த்த கனசதுரங்கள் வீணாகிவிட்டன. கல்லூரி விடுமுறையில் ஊறவைத்திருந்த தொட்டியில் நீர் வற்றிப்போனதை எவரும் கவனிக்கவில்லை. கிடைத்த எண்களை அப்படியே எழுதிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். இவர் ஒப்பாமல், 36 கனசதுரங்களையும் மறுபடி வார்க்கச் செய்திருக்கிறார். “அது தோல்விதானே சார், அதை எப்படி எழுதுவது என்று விட்டுவிட்டேன்” என்றார்.

நம் அலுவலர் பொறியாளர் அல்லர். ஆயினும் அந்தக் கணத்தில்தான் அவ்விளைஞர்மீது தமக்கு நம்பிக்கை பிறந்ததாகப் பின்னர் நம்மிடம் கூறினார். கட்டடத்தின் தரத்தைச் சோதிக்கும் பணிக்கு ஆள் தேடும் எவரும், ஐயத்துக்குரிய எண்ணை ஏற்க மறுத்த ஒருவரையே விரும்புவார். அக்கடிதத்தில் இடம்பெற்றிருக்க வேண்டிய முதன்மையான செய்தி அதுவே; அது மட்டுமே அதில் இல்லை.

படிப்பவர் எதைத் தேடுகிறார்?

கடன் விண்ணப்பத்தைப் படிக்கையில் நாம் நான்கு வினாக்களுக்கு விடை தேடுகிறோம். இவர் யார்? எதற்காகக் கேட்கிறார்? சொல்வதற்குச் சான்று என்ன? எப்போது, எப்படித் திருப்பித் தருவார்? ‘நான் நாணயமானவன்’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பதால் எவருக்கும் கடன் கிடைப்பதில்லை. ஆறு மாதக் கணக்கு அறிக்கை அதைக் காட்ட வேண்டும்.

வேலை தருவோருக்கும் நான்கு வினாக்கள் உண்டு. எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறார்? எதைச் செய்யத் தெரிந்தவர்? அதற்குச் சான்று என்ன? எப்போது, எங்கே சேர இயலும்? புதிய பட்டதாரியிடம் பணி அனுபவம் இராது என்பதை அவர்கள் அறிவார்கள். எனவே திட்டப்பணி, தொழிற்சாலைப் பயிற்சி, ஆய்வகப் பணி, தாமே எழுதிய நிரல், பழுதுபார்த்த எந்திரம் ஆகியவையே சான்றுகள். கணினிப் பொறியியல் படித்தவர் தாம் எழுதிய நிரல்களைப் பிறர் காணுமாறு இணையத்தில் வைத்து, அதன் முகவரியைத் தரலாம். எந்திரவியல் படித்தவர் தாம் வரைந்த வரைபடத்தையோ, பயிற்சிக் காலத்தில் எடுத்த அளவீடுகளின் பதிவையோ இணைக்கலாம். பயிற்சி பெற்ற நிறுவனத்தின் பதிவுகளை வெளியிடுவதற்கு முன் அவர்களின் இசைவைப் பெறுவது முறை.

கடிதம் எழுதும் முறை

முதல் மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. எட்டுப் பத்து வரிகள் போதும். நடைமுறையில் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும். பொருள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை மட்டும் இங்கே தமிழில் காட்டுகிறோம். மேலே கண்ட இளைஞர் திருத்தி எழுதிய கடிதம் ஏறக்குறைய இவ்வாறு அமைந்தது:

“ஐயா, தாங்கள் அறிவித்துள்ள தரக் கட்டுப்பாட்டுப் பயிற்சிப் பொறியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். கட்டுமானப் பொறியியலில் பட்டம் பெற்றுள்ளேன். இறுதியாண்டில், எம்25 தரக் கான்கிரீட்டில் சிமெண்டுக்கு மாற்றாக 30 விழுக்காடு வரை ஃபிளை ஆஷ் சேர்த்து, 36 கனசதுரங்களை 56 நாள்கள் வரை சோதித்தோம். நால்வர் குழுவில் கலவை விகிதக் கணக்கும் சோதனைப் பதிவேடும் என் பொறுப்பு. முதல் சுற்றில் தொட்டியின் நீர் வற்றியதால் முடிவுகள் நம்பத் தகாதவை ஆயின. எனவே அனைத்தையும் மீண்டும் வார்த்துச் சோதித்தோம். கலவை விகிதக் கணக்கையும் அழுத்த வலிமைச் சோதனையையும் பிறர் உதவியின்றிச் செய்ய இயலும். கட்டுமானத் தளத்தில் நான்கு வாரப் பயிற்சி மட்டுமே பெற்றுள்ளேன். எந்த ஊரிலும் உடனே பணியில் சேர இயலும். திட்ட அறிக்கையின் இரண்டு பக்கச் சுருக்கத்தை இணைத்துள்ளேன்.”

இதில் தற்புகழ்ச்சி ஏதும் இல்லை. ‘உழைப்பாளி’ என்ற சொல்லே இல்லாதபோதும் உழைப்பு தெரிகிறது. குழு செய்தது எது, தாம் செய்தது எது என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். தெரியாததையும் மறைக்கவில்லை. நேர்காணலில் இவரிடம் என்ன கேட்கலாம் என்பதும் படிப்பவருக்கு விளங்கிவிடுகிறது.

ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதைவிட, நிறுவனம் செய்யும் தொழிலை அறிந்து பத்துப் பேருக்கு எழுதுவது பயன் தரும். ஆயத்தக் கான்கிரீட் விற்கும் நிறுவனத்துக்கு எழுதும் கடிதமும் சாலை ஒப்பந்ததாரருக்கு எழுதும் கடிதமும் ஒன்றாக இருக்க இயலாது. கடிதத் தலைப்பில் பணியின் பெயரையும் தம் பிரிவையும் குறிப்பிட வேண்டும். மின்னஞ்சல் முகவரி தம் பெயரைக் கொண்டதாக இருக்கட்டும். பள்ளி நாளில் விளையாட்டாக வைத்துக்கொண்ட முகவரியை இப்போது மாற்றிவிடுவது நன்று.

குறையை எவ்வாறு சொல்வது?

நிலுவைத் தாள்கள், குறைந்த மதிப்பெண், இடையில் விடுபட்ட ஓராண்டு ஆகியவற்றை எண்ணிப் பலர் கூச்சமடைகின்றனர். நிறுவனங்கள் பலவும் 60 விழுக்காடு மதிப்பெண், நிலுவைத் தாள் இன்மை ஆகியவற்றை நுழைவு வரம்பாக வைக்கின்றன என்பது உண்மை. அத்தகைய இடத்தில் வரம்புக்குக் கீழே இருப்பவர் உண்மையை மறைத்து உள்ளே நுழைவது பயன் தராது. பணியமர்த்துவதற்கு முன்போ பின்போ சான்றிதழ்களைப் பல்கலைக்கழகத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். பொய் வெளிப்பட்டால் வேலை போவதுடன், அடுத்த விண்ணப்பத்திலும் அந்த நிழல் தொடரும்.

குறையை ஒரே வாக்கியத்தில், காரணத்துடன், அழாமல் சொல்வதே சரியான முறை. ‘மூன்றாம் பருவத்தில் இரண்டு தாள்கள் நிலுவையாயின, ஐந்தாம் பருவத்துக்குள் இரண்டிலும் தேர்ச்சி பெற்றேன்’ என்பது போதும். கடன் கணக்கிலும் இதுவே எம் அனுபவம். முன்பு இரண்டு தவணை தவறியதைத் தாமே சொல்லி, பிறகு செலுத்தியதற்கான சான்றைக் காட்டுபவரிடம் நாம் பேச முடிகிறது. மறைத்தவரின் கணக்கில் அதை நாமே கண்டுபிடிக்கும்போது பேச்சு முடிந்துவிடுகிறது.

நேர்காணல் அறையில் முதல் ஒன்றரை நிமிடம்

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பது பெரும்பாலும் முதல் வினா. தந்தை பெயர், ஊர், பள்ளி, பொழுதுபோக்கு என்று வரிசையாக ஒப்பிப்பது நம் மாணவர்களின் வழக்கம். அவையெல்லாம் தன்விவரக் குறிப்பில் முன்பே இருக்கின்றன. பெயரும் பட்டமும் ஒரு வாக்கியம். செய்த பணி ஒன்றைப் பற்றி மூன்று நான்கு வாக்கியங்கள். இந்தப் பணியை ஏன் நாடுகிறார் என்பதற்கு ஒரு வாக்கியம். இவ்வளவு சொன்னால் ஒன்றரை நிமிடம் ஆகிவிடும்.

தமிழ்வழியில் படித்துப் பொறியியல் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் பற்றிய அச்சம் இருக்கும். மனப்பாடம் செய்த நீண்ட வாக்கியம் நடுவில் அறுந்தால் மீண்டும் தொடர்வது கடினம். தாம் செய்த வேலையைச் சிறு சிறு வாக்கியங்களில் சொல்பவருக்கு அந்த இடர் இல்லை. சொல் மறந்தாலும் செய்தது மறக்காது. வீட்டில் உள்ளவர்களிடம் தமிழில் முதலில் விளக்கிப் பார்க்கலாம். பொறியியல் அறியாத தாய்க்குப் புரியும்படி சொல்ல முடிந்தால், பொருள் தெளிவாகிவிட்டது என்று கொள்ளலாம். அதன்பின் அதே செய்தியை ஆங்கிலத்தில் சொல்லி, கைபேசியில் பதிவு செய்து கேட்டால் குறைகள் தாமே தெரியும்.

ஒரே பெயர், எல்லா ஆவணத்திலும்

அறிமுகத்தின் முதல் சொல் பெயர். தமிழர்கள் பிற மாநில நிறுவனங்களில் சேரும்போது இங்கேயே ஒரு சிக்கல் தொடங்குகிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்தே உண்டு. பள்ளிச் சான்றிதழில் அந்த எழுத்து பெயருக்கு முன்னும், ஆதாரில் பின்னும் இருக்கும். நிரந்தரக் கணக்கு எண்ணுக்கான விண்ணப்பத்தில் முதலெழுத்தை மட்டும் எழுதுதல் ஆகாது. விரித்து எழுத வேண்டும். ஆகவே அந்த அட்டையில் தந்தையின் முழுப் பெயர் கடைசிப் பெயராக நிற்கும். புணேயிலோ நொய்டாவிலோ பணியில் சேர்ந்த முதல் நாளில் தந்தையின் பெயரால் அழைக்கப்பட்டவர்கள் நம் வாடிக்கையாளர்களில் பலர்.

அழைக்கும் பெயர் மாறுவது சிரித்துக் கடக்கக்கூடியது. சம்பளக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, வருமான வரிப் பதிவு ஆகியவற்றில் பெயர் வேறுபட்டால் காலதாமதமும் அலைச்சலும் நேரும். எனவே விண்ணப்பிக்கத் தொடங்கும் முன்பே பட்டச் சான்றிதழ், ஆதார், நிரந்தரக் கணக்கு எண் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் விரித்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து, இடைவெளி, பிறந்த நாள் எதிலேனும் வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். தன்விவரக் குறிப்பிலும் அதே வடிவத்தைப் பயன்படுத்துங்கள். மதிப்பெண் பட்டியல்களை டிஜிலாக்கரில் பெற முடிந்தால் அங்கே சேமித்து வையுங்கள்.

எங்கே அறிமுகப்படுத்திக்கொள்வது?

கல்லூரி வளாகத் தேர்வு முடிந்துவிட்டால் வழி அடைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2015இல் தொடங்கிய தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் 1973இல் செய்த திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் பழகுநராகச் சேரும் வாய்ப்பைப் பெற்றனர். தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தை நடத்தும் மண்டல வாரியங்கள் சென்னை, மும்பை, கான்பூர், கொல்கத்தா ஆகிய நகரங்களில் உள்ளன. பட்டதாரிப் பழகுநருக்கான குறைந்தபட்ச உதவித்தொகை 2019இல் மாதம் 9,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொகை சிறிது, ஆயினும் ஓராண்டு முடிவில் கடிதத்தில் எழுதுவதற்கு மெய்யான பணி ஒன்று இருக்கும். பொதுத்துறை நிறுவனங்களை நாடுவோர் கேட் தேர்வு எழுதலாம். அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ராஜ்கோட், கோலாப்பூர், பெலகாவி, கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் உள்ள வார்ப்படத் தொழிற்கூடங்கள் முதலிய சிறுதொழில்களுக்கு நேரில் சென்று கடிதம் தருவதும் நல்ல வழியே.

பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை

வேலை தேடும் இளைஞரின் அவசரத்தை மோசடிக்காரர்கள் நன்கு அறிவார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்பணம் என்று எப்பெயரில் கேட்டாலும், வேலைக்காகப் பணம் செலுத்த வேண்டாம். நேர்காணலே இன்றி வரும் பணி ஆணையை, அந்நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளம் வழியே சரிபாருங்கள். ‘உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், அதை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், தரகு தருகிறோம்’ என்பது வேலையன்று. திருடிய பணத்தைக் கடத்த உங்கள் கணக்கைப் பயன்படுத்தும் சூழ்ச்சி அது. கணக்கு முடக்கப்படுவதுடன், வழக்கிலும் சிக்க நேரிடும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல், உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, நம் கிளைக்கும் தெரிவியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

வேலை கிடைக்கத் தாமதமானால், முதல் தவணை நாள் வருவதற்கு முன்பே கிளைக்கு வாருங்கள். நிலைமையைக் கேட்டு, விதிகள் இடம் தரும் அளவில் என்ன செய்யலாம் என்று பார்க்க இயலும். தவணை தவறியபின் வருவதானால் மாணவரின் கடன் வரலாற்றில் மட்டுமின்றி, உடன் கையொப்பமிட்ட பெற்றோரின் கடன் வரலாற்றிலும் குறை பதிந்திருக்கும். வங்கிப் பணிக்கான அறிவிப்புகளிலேயே நல்ல கடன் வரலாறு வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அந்த பெங்களூர் இளைஞரின் புதிய கடிதத்துக்கு எல்லா நிறுவனங்களும் விடை எழுதிவிடவில்லை. இருபது கடிதங்களுக்கு மூன்று அழைப்புகள் வந்தன. அவற்றுள் ஒன்று, ஆயத்தக் கான்கிரீட் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் பயிற்சிப் பணியானது. ஊதியம் அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். ஆனால் நேர்காணலில் அவர்கள் முதலில் கேட்டது, நீர் வற்றிய அந்தத் தொட்டியைப் பற்றித்தான். முதல் தவணை குறித்த நாளில் அவர் கணக்கிலிருந்தே செலுத்தப்பட்டது.